முப்பது நாள் மட்டும் இறந்திருக்கவும்

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் மைத்துனனும், கவசப் படைப்பிரிவு முன்னாள் வீரர் சங்கத்தின் முப்பத்தொரு வருடச் செயலாளருமாகிய அடியேன் எழுதிக்கொள்வது.

இங்கு எல்லோரும் சுகம் என்று எழுதினால் அது பொய். அங்கு தாங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதினால், அது இந்த ஒரு மாதத்துக்கு எனக்கு ஒத்துவராது. ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன். கடைசி வரி வரை கோபப்படாமல் படிக்கவும். முக்கியமாக, இந்தக் கடிதத்தை என் தங்கையிடம் காட்ட வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் சங்கத்தின் கடைசிச் சந்திப்பு நடந்தது. கடைசி என்று அழைப்பிதழில் நான்தான் அச்சடித்தேன். போரிலிருந்து திரும்பி வந்தவர்கள் முந்நூறு பேர் கூடிய சங்கத்தில் இப்போது உயிரோடு இருப்பவர்கள் பன்னிரண்டு பேர். அந்தப் பன்னிரண்டு பேரில் நால்வருக்குச் சங்கம் என்ற ஒன்று இருப்பதே நினைவில்லை. ஒருவருக்கு நினைவிருக்கிறது, ஆனால் மருமகள் விடுவதில்லை. இன்னொருவர் தாங்கள். ஆக வந்தவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரையும் பத்து மணிக்கு நகராட்சிப் பூங்காவில், பீடத்தின் மேல் ஏற்றி வைத்திருக்கும் டாங்கியின் முன்னால் நிறுத்தி ஒரு போட்டோ எடுத்துவிட்டு, ஓட்டல் ஹாலுக்குப் போய்ச் சங்கத்தைக் கலைத்துவிட்டு, மூன்று மணிக்குள் அவரவர் மாத்திரைக்கு வீடு திரும்புவது என்பது என் திட்டம். போட்ட திட்டத்தில் போட்டோ எடுப்பவர் வந்தது மட்டும்தான் நடந்தது.

தங்களோடும் என்னோடும் ஒரே வண்டியில் இருந்த கன்னர், அதுதான் நம் பீரங்கி சுட்டவர், இப்போது காது சுத்தமாகக் கேட்காமல் வயிறு மட்டும் வளர்ந்திருக்கிறார். டாங்கியைப் பார்த்ததும் அவருக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. ‘ஏறக் கூடாது’ என்ற பலகையின் மேலேயே கால் வைத்து, காவலாளியின் ஸ்டூலில் ஏறி, நான் “வேண்டாம், வேண்டாம்” என்று கத்திக்கொண்டிருக்கும்போதே மேல் மூடியைத் திறந்து காலை உள்ளே விட்டுவிட்டார். வயிறு வந்ததும் மாட்டிக்கொண்டார். கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. ஆனால் முகத்தைப் பார்க்க வேண்டுமே, இருபத்திரண்டு வயசு! “டிரைவர்! ஏன்டா நிக்கிறே? வண்டிய எடுடா!” என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், பூங்காவில் நடந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். மூன்று தடவை கூப்பிட்டார். டிரைவராகிய தாங்கள் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மாப்பிள்ளை. வெயில் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கடைசியில் காவலாளிதான் பொறுக்க முடியாமல், “எடுத்துட்டேன் சார், போய்ட்டுத்தான் இருக்கோம்” என்று அவருக்குத் தெரியும்படி கையை ஆட்டினார். அதன்பிறகுதான் கன்னர் நிம்மதியாக இரண்டு கையையும் தூக்கிக் கொடுத்தார். நான்கு பேர் சேர்ந்து இழுத்தோம். அவருடைய பெல்ட் உள்ளேயே இருக்கிறது.

ஹாலுக்குப் போனால் தலைவரைக் காணோம். தலைவர் என்றால் நம் மேஜர்தான். பக்கத்து ஹாலில் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்பவர்களுக்கு ஏதோ பயிற்சி. மேஜர் அங்கே போய் முதல் வரிசையில் உட்கார்ந்து, அவர்கள் கைதட்டும்போதெல்லாம் கைதட்டி, எழுந்து நிற்கச் சொன்னபோதெல்லாம் நின்று, ஒன்றரை மணி நேரம் இருந்திருக்கிறார். நான் போய் அழைத்தபோது, “இந்த வருஷம் நம்ம ஆளுங்க நல்ல உற்சாகமா இருக்காங்கய்யா, இளசுங்க நிறைய சேர்ந்திருக்காங்க” என்றார். அவரை எழுப்பிக்கொண்டு வருவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. கழுத்தில் அவர்கள் மாட்டிய அட்டையைக் கழற்ற மாட்டேன் என்று அதோடுதான் தலைமை தாங்கினார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சங்கத்தைக் கலைக்கத் தீர்மானம் வைத்தேன். ஆறு பேரும் கை தூக்கினோம். முடிந்தது, முப்பத்தொரு வருடமாக அழைப்பிதழ் எழுதி, அஞ்சல்தலை ஒட்டி, இரங்கல் வாசித்து, யாருக்கு உப்பு ஆகாது, யாருக்குச் சர்க்கரை ஆகாது என்று பார்த்து அலுத்த எனக்கு விடுதலை என்று மூச்சு விடப்போகும்போது, நம் பழைய வயர்லெஸ்காரர் விதிப் புத்தகத்தைத் திறந்தார். எல்லோரும் அவரைச் ‘சட்டம்’ என்று கூப்பிடுவது சும்மா இல்லை. “உயிரோட இருக்கிறவங்கள்ல பாதிக்கு மேல கை தூக்கணும். பன்னெண்டுல ஆறு பாதிதான். பாதிக்கு மேல இல்ல” என்றார். தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். ஒரு ஆள், ஒரே ஒரு ஆள் குறைகிறது. கலைக்கக்கூட ஆள் இல்லாத சங்கத்தை எப்படி நடத்துவது?

அந்த நேரத்தில்தான் சட்டம் போன வருட மினிட்ஸ் புத்தகத்தைப் புரட்டினார். அதில் தங்களுக்கு இரங்கல் தீர்மானம் இருக்கிறது. அந்தக் கதையைத் தங்களுக்கு நினைவுபடுத்த எனக்கு வாய் கூசுகிறது. வருடா வருடம் பெயர்களை இறந்தவர் பட்டியலுக்கு மாற்றி எழுதியே பழகிய கை, தங்கள் பெயரையும் அந்தப் பக்கம் எழுதிவிட்டது. பஸ் தாமதமாகி வந்த தாங்கள், எல்லோரும் தலைகுனிந்து நிற்பதைப் பார்த்து, தொப்பியைக் கழற்றிப் பின்வரிசையில் இரண்டு நிமிடம் மௌனமாக நின்று, கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்தவரிடம் “யாருப்பா போயிட்டது?” என்று கேட்டீர்கள். அவர் தங்கள் பெயரையே சொன்னார். சாப்பிடாமல் திரும்பிப் போனவர்தான், இன்றுவரை சங்கத்துப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. அன்று மாலையே பட்டியலில் தங்களை உயிர்ப்பித்துவிட்டேன். மினிட்ஸ் புத்தகத்தில் மாற்ற மறந்துவிட்டேன்.

சட்டம் சொன்னது இதுதான்: “மினிட்ஸ்ல செத்தவர் செத்தவர்தான். அப்ப உயிரோட இருக்கிறது பதினொண்ணு. பதினொண்ணுல ஆறு பாதிக்கு மேல. தீர்மானம் செல்லும். முப்பது நாளைக்குள்ள யாரும் ஆட்சேபம் எழுதாம இருக்கணும், அவ்வளவுதான்.” எல்லோரும் கைதட்டினார்கள். பக்கத்து ஹாலிலும் அதே சமயம் கைதட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை. தங்கையின் முகம் கண்முன் வந்தது.

ஆகையால் மாப்பிள்ளை, காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். வரும் முப்பது நாளும் தாங்கள் சங்கத்தைப் பொறுத்தவரை இறந்தே இருக்கவும். பென்ஷன் ஆபீசுக்கு உயிரோடு இருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சங்கத்துக்கு மட்டும் வேண்டாம். மேஜர் வீட்டுப் பக்கம் நடக்கப் போகாதீர்கள். கன்னரை மூக்குக் கண்ணாடிக் கடையில் பார்த்தால் திரும்பி நில்லுங்கள். சட்டம் போன் செய்தால் என் தங்கையை எடுக்கச் சொல்லி, மூச்சு விடாமல் இருங்கள். உடன்பிறந்தவளைக் கட்டிக்கொடுத்தவன் இப்படிக் கேட்பது அழகில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் என்னால் முடியவில்லை. இன்னொரு பெயரை அந்தப் பக்கத்துக்கு மாற்றி எழுத என் கைக்குத் தெம்பு இல்லை. ஒருநாள் என் பெயரை மாற்றி எழுத யாரும் இருக்கப்போவதில்லை. இத்தோடு ஒழியட்டும்.

தங்கைக்கும் பேரப் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். தாங்கள் நீடூழி வாழ வேண்டும், முப்பது நாள் கழித்து.

இப்படிக்கு,
மிகவும் களைத்த மைத்துனன்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைக் கிழித்துவிட்டு எழுதுகிறேன். சங்கம் முடிந்ததே என்று அடுத்த வருட டைரியை எடுத்தேன். முழுசாகப் புரட்டினேன். பல் டாக்டருக்கு ஒரு நாள், கண் டாக்டருக்கு இரண்டு நாள் எழுதியிருக்கிறது. அவ்வளவுதான் என் வருஷம். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இல்லையென்றால் நான் எங்கே போவேன், யாரிடம் போவேன்? அதனால் சற்றுமுன் நானே ஆட்சேபம் எழுதிச் சட்டத்துக்குத் தபாலில் போட்டுவிட்டு வந்தேன்: டிரைவர் உயிரோடுதான் இருக்கிறார், தீர்மானம் செல்லாது. டேய், இனிமேல் மாப்பிள்ளை, தாங்கள் என்றெல்லாம் எழுத எனக்குப் பொறுமை இல்லை. டாங்கிக்குள் உன்னை எப்படிக் கூப்பிட்டேனோ அப்படியே கூப்பிடுகிறேன். அடுத்த வருஷம் அதே ஞாயிறு, அதே ஹால். நீ வந்தே ஆக வேண்டும். நீ வந்தால் ஏழு பேராகிவிடுவோம், மறுபடி கலைக்கப் பார்ப்பார்கள். நீ கை தூக்காதே. நானும் தூக்க மாட்டேன்.