கேப்டன் மேசையில் கடல் கொந்தளித்தது

மனித சமத்துவத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் மூன்று ஊர்களைத் தவிர்க்கவே முடியாது: ஏதென்ஸ், பாரிஸ், பக்குரங்கா. முதல் இரண்டைப் பற்றிப் போதுமான அளவு எழுதிவிட்டார்கள். மூன்றாவதான எங்கள் நியூசிலாந்து ஊரில் அது 2014 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மதியம், வாடகைக்கு எடுத்த ஒரு மண்டபத்தில் நடந்தது. ‘கிழக்கு ஆக்லாந்து தமிழர் விருந்துப் பேரவை’யின் செயலாளர் என்ற முறையில் அதைப் பதிவு செய்யும் பேறு எனக்கு வாய்த்தது.

எங்கள் தலைவர் நரேந்திரன், மலேசியாவின் ஈப்போக்காரர். ஆண்டு விருந்துக்கு ஒரு ‘தீம்’ வேண்டும் என்று ஆரம்பித்துவைத்தவர் அவர்தான்.

“போன வருசம் வாழையிலை. அதுக்கு முந்தின வருசமும் வாழையிலை. மக்கள் முன்னேறணும் லா.”

துணைத்தலைவி கிளாரா, சபாரத்தினம் ஐயாவைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், எழுபத்து நாலு வயது, பக்கத்துப் பாட்டனி டவுன்ஸில் மகள் வீட்டில் இருக்கிறார். இளமையில், இங்கிலாந்துக்கும் நியூசிலாந்துக்கும் ஓடிய ஒரு பெரிய பயணிகள் கப்பலின் சாப்பாட்டு அறையில் பதினான்கு வருடம் ஸ்டூவர்டாகப் பரிமாறியவர். ‘கப்பல் சாப்பாட்டு அறைகள்: அன்றும் பின்பும்’ என்று அவர் அரை மணி நேரம் உரையாற்றுவார், பிறகு சாப்பாடு, அவரே தலைமை விருந்தினர். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

ஐயா குழுக் கூட்டத்துக்கு வந்து உரையின் சாரத்தைச் சொன்னார்.

“முதலாம் வகுப்புக்கு மேல்தட்டில மண்டபம். கண்ணாடிக் கூரை, பியானோ, கேப்டனோட இருந்து சாப்பிட ஒரு தனி மேசை. மூண்டாம் வகுப்புச் சனம் கீழ, எஞ்சின் சத்தத்துக்குள்ள, நீள மர வாங்கில நெருக்கி இருந்து. அப்பிடித்தான் தொடங்கினது. பிறகு பிளேன் வந்திட்டுது. கப்பலுக்கு ஆக்கள் குறைஞ்சிட்டினம். கம்பனி வகுப்புகளுக்கு நடுவில இருந்த சுவரை உடைச்சு எல்லாரையும் ஒரே அறையில இருத்தினது. நான் கதைக்கப் போறது அந்தச் சுவர் விழுந்ததைப் பற்றித்தான்.”

நரேந்திரனின் கண்கள் கலங்கின.

“ஐயா, அந்தக் கேப்டன் மேசை எத்தனை அடி இருக்கும்?”

அடுத்த கூட்டத்தில் கேப்டன் மேசை அமைப்பது என்று முடிவாயிற்று. கேப்டனாக நரேந்திரனை நரேந்திரன் முன்மொழிந்தார், நான் வழிமொழிந்தேன். அதற்கடுத்த கூட்டத்தில் திரைச்சீலை வந்தது. கேப்டன் சாப்பிடுவதைப் பார்த்து மற்றவர்கள் மனம் நோகக் கூடாதல்லவா? மூன்றாவது கூட்டத்தில் பயணிகளை வகைப்படுத்தினோம். நியூசிலாந்துப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் முதல் வகுப்பு. நிரந்தர வதிவிடம் பெற்றவர்கள் இரண்டாம் வகுப்பு. வேலை விசாக்காரர்களும் மாணவர்களும் மூன்றாம் வகுப்பு. அவர்களுக்கு இடம் சமையலறைக் கதவுக்கும் கழிப்பறைக்கும் நடுவே, இரண்டு வசதிகளும் பக்கத்திலேயே.

“இது ஆளைப் பிரிக்கிற மாதிரி இல்லையா?” என்றார் கிளாரா.

“சேச்சே! பிரிக்கிறது வேற. இது ஹிஸ்டரி லா.”

வரலாற்றுக்கு இவ்வளவு இடம் கொடுத்ததால் உரைக்கு இடம் குறைந்தது. அரை மணி பத்து நிமிடமாயிற்று. சூப் ஆறிவிடும் என்று அந்தப் பத்து நிமிடமும் போயிற்று. அதை ஐயாவிடம் தெரிவிக்கும் பொறுப்பு என்னுடையது. நான் ‘உரிய நேரத்தில்’ தெரிவிக்கலாம் என்றிருந்தேன்.

விருந்தன்று ஐயா கோட்டும் டையுமாக, படங்கள் நிறைந்த பென்டிரைவோடு வந்தார். வாசலில் கேப்டன் தொப்பியோடு நின்ற நரேந்திரன், பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைச் சட்டை ஒன்றை நீட்டினார்.

“ஸ்பீச்சுக்கு நேரம் இல்லைங்க ஐயா. ஆனா உங்க அனுபவம் வீணாப் போகக் கூடாதுன்னு கமிட்டி நினைக்குது. கேப்டன் மேசைக்கு நீங்கதான் ஸ்டூவர்ட்.”

ஐயா என்னைப் பார்த்தார். நான் நிகழ்ச்சிக் குறிப்பேட்டைப் பார்த்தேன். அவர் பென்டிரைவைப் பைக்குள் வைத்தார்; கோட்டைக் கழற்றினார்; வெள்ளைச் சட்டையைப் போட்டார். சட்டைக் கைகள் விரல்வரை மூடிக்கொண்டன.

“ஓம். எந்த மேசை?”

இடது தோள் பக்கமாகப் பரிமாறினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. முதல் வகுப்பு சொக்கிப்போயிற்று. பிறகு அவர் பெரிய தண்ணீர்க் கூஜாவோடு கேப்டன் அருகே வந்து நிமிர்ந்து நின்றார்.

“கேப்டன், கடல் கொந்தளிக்குது.”

“என்னா?”

“கொந்தளிச்சா ஸ்டூவர்ட் மேசை விரிப்பை நனைக்கவேணும். இல்லாட்டிப் பீங்கான் வழுக்கி விழும். எங்கட கப்பலில அதுதான் வழக்கம்.”

சொன்னபடி செய்தார். நிதானமாக, மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஊற்றினார். நியூசிலாந்தின் ஆகஸ்ட் குளிர்காலத் தண்ணீர் விளிம்பிலிருந்து கேப்டன் மடிக்கு இறங்கியது. நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள். ஹிஸ்டரியைக் கேப்டனால் எப்படித் திட்ட முடியும்? ஐயா இரண்டாவது கூஜாவைத் தூக்கியதும் மற்ற மேசைகளில் கைதட்டல் நின்றது, நாற்காலிகள் நகர்ந்தன. நனைந்ததும் நனையப்போவதுமாக முதல் வகுப்பு மூன்றாம் வகுப்பை நோக்கி ஓடியது. நடுவிலிருந்த இரண்டாம் வகுப்பும் எதற்கென்று தெரியாமலே கூட ஓடியது. கிளாரா திரைச்சீலையை ஒரே இழுப்பில் அறுத்துவிட்டார்.

கழிப்பறை ஓரத்தில் பாஸ்போர்ட்டும் விசாவும் இடித்துப்பிடித்து உட்கார்ந்து ஒரே தட்டில் வடை எடுத்தன. ஈரக் காற்சட்டையோடு நரேந்திரன் மைக்கைப் பிடித்தார்.

“நாங்க பிளான் பண்ணதே இதான்! ஒரே வகுப்பு!”

மண்டபம் அதிர்ந்தது. ‘பிற்பகல் 1.20க்குச் சமத்துவம் நிலைநாட்டப்பட்டது’ என்று குறிப்பேட்டில் பெருமிதத்தோடு எழுதினேன். எல்லாருக்கும் இடம் கிடைத்திருந்தது. ஐயா மட்டும் விரல்வரை மூடிய சட்டையோடு, கூஜாவை வைத்துவிட்டுக் கையில் ரச வாளியுடன் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் நான் சற்று நகர்ந்தால் இன்னொருவர் தாராளமாக உட்காரலாம். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

“ஐயா, இங்க கொஞ்சம் ரசம்” என்றேன்.