செம்பூர் கண்ணாடி வீடும் கிரகப்பிரவேசப் பசுவும்

இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் எல்லோருக்கும் ஏதாவது ஒரு பைத்தியம் பிடிக்கத்தான் செய்யும். அறுபதுகளில், மாதுங்காவில், என் சிநேகிதிகளுக்கு இந்தி சினிமா கதாநாயகர்கள் மேல் பிடித்தது. எனக்கு அமெரிக்க வீடுகள் மேல் பிடித்தது. அவர்கள் பைத்தியத்தால் யாருக்கும் சேதமில்லை. என் பைத்தியம் பெரியப்பாவின் தலையில் விடிந்தது.

நான் அப்போது கட்டடக்கலை படித்து முடித்து, ஃபோர்ட் வட்டாரத்தில் ஓர் ஆபீஸில் ஜூனியராக இருந்தேன். கப்பலில் ஆடி அசைந்து வரும் அமெரிக்கப் பத்திரிகைகளை முதலில் பிரிப்பது நான்தான். அடடா, என்ன வீடுகள்! ஹால் நடுவில் ஒரு பாறை அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். காட்டுக்குள்ளே சுவருக்குப் பதில் கண்ணாடி. வெளியே பாவிய அதே கல் உள்ளேயும் தொடரும். வெளியே வளரும் அதே செடி சோபாவுக்குப் பக்கத்திலும் வளரும். "வீடுங்கறது நிலத்து மேல வைக்கற பெட்டி இல்லை. நிலத்திலேர்ந்து முளைக்கணும்" என்று கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"முளைக்கறதுக்கு அது என்ன வெந்தயக் கீரையா?" என்றார் அப்பா.

(எங்கள் வீட்டு இயற்கை நிலவரம்: இரண்டே அறை, ஏழு பேர், பால்கனியில் ஒரு துளசித் தொட்டி, அதைக் கிளறிப்போட ஒரு காக்காய்.)

அப்பாவின் அண்ணா, ரயில்வேயில் ரிட்டயரானவர், செம்பூரில் மனை வாங்கினார். "ஆத்துலயே ஒரு ஆர்க்கிடெக்ட் இருக்கச்சே வெளியாள் எதுக்கு?" என்று வேலையை என் கையில் கொடுத்தார். என் கால் தரையில் பாவவில்லை. அப்பா மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்.

"கிரகப்பிரவேசத்தன்னிக்கு அண்ணா தன் வாயால 'நன்னாருக்கு'ன்னு சொல்லட்டும், நீ வேலைக்குப் போயிண்டிரு. இல்லேன்னா நாக்பூர் வரனுக்குச் சரின்னு சொல்லிடுவேன்."

நாக்பூர்காரர்கள் மருமகளை வேலைக்கு அனுப்ப மாட்டார்கள். அந்தப் பையன் நல்லவன்தான், பாவம். ஆனால் எனக்கு என் டிராயிங் போர்டு அவனைவிடப் பிடித்திருந்தது.

பெரியப்பா கேட்டது நாலு அறை, ஒரு வராந்தா, ஜன்னலுக்கெல்லாம் க்ரில். நான் கொடுத்தது ஒரே நீள ஹால், அதன் கோடியில் மறைப்பே இல்லாத சமையல் மேடை, தோட்டத்துப் பக்கம் முழுக்கத் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு செடிப் பாத்தி, அந்தப் பக்கம் அதே பாத்தியின் மிச்சம்.

"கண்ணாடிக்கு க்ரில் எங்கேடி?" என்றார் பெரியப்பா.

"க்ரில் போட்டா இயற்கை உள்ள வராது பெரியப்பா."

"திருடன் வந்தா?"

"நாம உள்ள இருக்கறது அவனுக்கு வெளிலேர்ந்தே தெரியுமே. வர மாட்டான்."

பெரியப்பா அதையும் நம்பினார். ரயில்வேக்காரர்கள் சிக்னல் விழுந்தால் சந்தேகப்பட மாட்டார்கள்.

கிரகப்பிரவேசம் தை மாதத்தில். அதற்கு முந்தின நாள் அந்தக் கண்ணாடியை நானே ஈரக் காகிதத்தால் தேய்தேய் என்று தேய்த்தேன். கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

காலையில் பக்கத்துத் தபேலாவிலிருந்து, அதாவது மாட்டுக்கொட்டிலிலிருந்து, பால்கார பையா, பசுவையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு வந்தார். புது வீட்டுக்குள் பசு நுழைவது லேசான காரியமில்லை. வழவழவென்ற தரையைப் பார்த்ததும் கால் வைக்காது. வாழைப்பழம் காட்டி, வாலை முறுக்கி, கெஞ்ச வேண்டும். இந்தப் பசுவோ தன் வீட்டுக்கு வருவதுபோல் விறுவிறுவென்று வந்தது. வாசலில் மிதித்த அதே சொரசொரப்புக் கல் உள்ளேயும் இருந்ததால்தான்! "பாத்தேளா? வாசப்படியே அதுக்குத் தெரியலை!" என்று நான் கூவினேன். பூஜை செய்துவைக்க வந்த வாத்தியார்கூடத் தலையாட்டினார்.

பசு நேராகப் பாத்திக்குப் போனது. நான் பார்த்துப் பார்த்து நட்ட சேம்பையும் அருகையும் மேய ஆரம்பித்தது. மந்திரம் முடிவதற்குள் இயற்கையில் பாதி காலி. "லக்ஷ்மி சாப்பிடறா, நல்லதுதான்" என்று வாத்தியார் சமாளித்தார். லக்ஷ்மி பாத்தி ஓரமாகச் சாணமும் போட்டாள். அதுவும் நல்லதுதானாம்.

இதற்குள் கன்று பக்கவாட்டுக் கதவு வழியாகத் தோட்டத்துக்கு நழுவிவிட்டது. பசு நிமிர்ந்தது. எதிரே தன் கன்று. நடுவே ஒன்றுமில்லை (என்று அது நினைத்தது). ஒரு எட்டு வைத்தது. ணங்!

கண்ணாடி உடையவில்லை. உடைந்திருந்தால்கூடத் தேவலை. பசு இந்தப் பக்கம் மூக்கை ஒட்டிக்கொண்டு "அம்மா" என்றது. கன்று அந்தப் பக்கம் மூக்கை ஒட்டிக்கொண்டு "அம்மா" என்றது. இரண்டும் நகரவில்லை. எதிரிலேயே கன்று தெரியும்போது எந்தத் தாய் கதவைச் சுற்றிக்கொண்டு போவாள்?

"சல் மையா, சல்!" என்று கயிற்றை இழுத்துப் பார்த்த பையா, "பச்சா உதர், மா இதர்! கைசே ஜாயேகி?" என்றார். குட்டி அங்கே, தாய் இங்கே, எப்படிப் போவாள் என்று எங்களையே கேட்டார். கன்றைத் தூக்கி வரப் போன என் மாமாவைப் பசு கண்ணாடி வழியே பார்த்துக் கொம்பை ஓங்கி ஒரு முட்டு முட்டியது. ஹாலே அதிர்ந்தது. மாமா கன்றைக் கீழே வைத்துவிட்டு, வந்த வழியே போனார்.

"தாயையும் கன்னையும் பிரிச்சு வச்சுண்டு பால் காய்ச்சப்படாது. ராகு காலம் வேற வந்துண்டே இருக்கு" என்றார் வாத்தியார். காய்ச்சத்தான் எங்கே முடியும்? பசு நின்றது ஹாலுக்கும் அடுப்புக்கும் நட்டநடுவில். சாதாரண வீடாக இருந்தால் சமையலறைக்கு வேறு வழி இருந்திருக்கும். பெரியம்மா பால் பாத்திரத்தோடு நின்றுகொண்டே இருந்தாள். மாதுங்காவிலிருந்து வந்த அத்தனை சொந்தமும் என்னைப் பார்த்தது.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒதுங்கி அழ ஒரு மூலை தேடினேன். நான் போட்ட பிளானில் மூலையே இல்லை. நாக்பூர் கண்ணெதிரே தெரிந்தது.

கடைசியில் அம்மாதான், சீராக ஓதிவிடத் தாம்பாளத்தில் வைத்திருந்த ஒன்பது கஜப் புடவைகளை உருவினாள். "ஆளுக்கு ஒரு முனையைப் பிடிங்கோ! அந்தக் கண்ணாடியை மூடுங்கோ!" அத்தைகள் ஸ்டூல் மேல் ஏறிப் பிடித்தார்கள். புடவை விழுந்ததும் கன்று மறைந்தது. பசு ஒரு நிமிஷம் யோசித்தது. திரும்பி, வந்த வழியே மரியாதையாக வெளியேறியது. அமெரிக்கா தோற்றது. பால் பொங்கியது.

அப்பா பெரியப்பாவிடம் போய்க் கையைப் பிசைந்தார். "மன்னிச்சுக்கோ அண்ணா. நாளைக்கே ஆளை விட்டுச் சுவர் எழுப்பிடலாம். இவளை நான் வேலையை விட்டு நிறுத்திடறேன்."

பெரியப்பா புடவைகளை எடுக்கச் சொன்னார். தோட்டம் மறுபடி ஹாலுக்குள் வந்தது. வெயிலில் கன்று தாய் மடியில் முட்டிக்கொண்டிருந்தது. பெரியப்பா நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

"டேய் மணி, உள்ளயும் வெளியும் ஒண்ணாத் தெரியணும்னுதானே இவ முதல்லேர்ந்து சொல்லிண்டிருந்தா?"

"ஆமாம் அண்ணா."

"பசுவுக்கே வித்தியாசம் தெரியலையே. இதுக்கு மேல யாருடா சொல்லணும்? நன்னாருக்கு."

அப்போதுதான் அழுதேன், மூலையெல்லாம் தேடாமல், ஹால் நடுவிலேயே.

அப்புறம் நாற்பது வருஷத்துக்குக் குறையாமல் வீடு கட்டினேன். வேலைக்குப் போகச் சொன்ன ஒருவரையே கல்யாணமும் செய்துகொண்டேன். எங்கள் குடும்பத்தில் மட்டும் நான் எந்த பிளானை விரித்தாலும், "இதுல மாடு முட்டுமா?" என்றுதான் முதல் கேள்வி. முட்டும் என்று நான் சொன்னால் வீடு தேறிவிட்டது என்று அர்த்தம்.

போன வருஷம் என் தம்பி பிள்ளை சான்பாடாவில் ஃப்ளாட் வாங்கினான். ஜன்னலுக்கெல்லாம் க்ரில். க்ரிலுக்கு வெளியே கையெட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் குழாய்கள். ஒவ்வோர் அறையாகக் காட்டிவிட்டு, "எப்படி இருக்கு அத்தை?" என்று ஆசையாகக் கேட்டான்.

"பத்திரமான வீடுடா கண்ணா. மாடு முட்டவே முட்டாது" என்றேன்.

பையன் முகம் தொங்கிப்போய்விட்டது.