வெயிலரின் தேயிலைப் பெட்டி

சூரியனைக் கட்டி மேய்த்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். சண்டிலிப்பாயில் அவரை வெயிலர் என்பார்கள்.

யுத்தத்தில் கரண்ட் போய் வருடக்கணக்காகியிருந்தது. ஊரே ஜாம் போத்தல் விளக்குப் புகையில் இருமிக்கொண்டிருக்க, வெயிலரிடம் மட்டும் ஒரு சோலார் தகடு இருந்தது. அதைக் கூரையில் பூட்டாமல் சைக்கிள் கரியரில் கட்டி, வெயில் நகர நகர முற்றமெல்லாம் உருட்டித் திரிவார்.

எட்டாம் வகுப்போடு வீட்டை விட்டு அலைந்த நான், அப்போது அவர் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருந்தேன். ஒருநாள் தகட்டுக்கு முன்னால் நின்று பீடி பற்றவைத்தேன்.

"தம்பி, தள்ளி நில். உன்ரை நிழல் அரை மணித்தியால லைற்றைக் குடிச்சுப்போட்டுது."

பக்கத்து வீட்டு நடேசுவோடு அவருக்கு ஒரு வருடமாகப் பேச்சில்லை. நடேசுவின் வேலிப் பூவரசு பின்னேரத்தில் தகட்டில் நிழல் போட்டதுதான் காரணம். ஆமியின் ஹெலி சுட வந்தால் மட்டும் இருவரும் ஒரே பங்கர்க் குழிக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருப்பார்கள்.

மாசியோடு போகவேண்டிய பனி அந்த வருடம் பங்குனியிலும் போகவில்லை. மூடுபனி, மப்பு வானம், எலும்பில் ஏறும் காற்று. வெயிலர் தேயிலைப் பெட்டியொன்றில் மிளகாய் நாற்றை வைத்து, பழைய காரின் பல்பைத் தகடு சார்ஜ் ஏற்றும் பற்றரியில் கொளுவி, கண்ணாடியால் மூடினார். நாங்கள் இருட்டில் தடவிச் சோறு தின்றோம். நாற்று வெளிச்சத்தில் குளிர்காய்ந்தது.

அந்தக் குளிரில்தான் நடேசுவின் மனைவிக்கு எட்டாம் மாதத்திலேயே பிள்ளை பிறந்தது. கையளவு பிள்ளை. சூடு குறைந்தால் தப்பாது என்று மருத்துவிச்சி சொல்லிவிட்டார். தணல் சட்டி வைத்தார்கள். புகையில் பிள்ளை நீலம் பாரித்தது. நடேசு கோடரியோடு வேலியடிக்கு வந்தான்.

"அண்ணை, பூவரசை இப்பவே தறிக்கிறன். உந்தப் பெட்டியை ஒருக்காத் தாங்கோ."

"நிழல் விழ வெயில் எங்கையடா கிடக்கு? கோடரியை வைச்சிட்டுப் பெட்டியைத் தூக்கு."

நாற்றை எடுத்து வெறும் நிலத்தில் வைத்தார். பெட்டிக்குள், பல்பின் கீழ் பிள்ளையைக் கிடத்தினார்கள். மூன்றாம் நாள் நாற்று அழுகிச் சாய்ந்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வெயிலில்லாமல் பற்றரி இறங்கி, பல்பும் மங்கத் தொடங்கியிருந்தது.

மாதகல் கடற்கரையில் வெயில் எறிக்கிறது என்று யாரோ சொன்னார்கள். பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு விட்டுவிட்டு, பற்றரியையும் தகட்டையும் சைக்கிளில் கட்டி வெயிலரும் நானும் உருட்டிக்கொண்டு போனோம். பின்னேரம்வரை மணலில் நின்றோம். தகடு மினுங்கியதைக் கண்டோ என்னவோ, கடல் பக்கமிருந்து ஹெலி வந்து சுட்டது. மணல் எங்களைச் சுற்றித் துள்ளியது.

எழும்பிப் பார்த்தேன். தகடு நொறுங்கிக் கிடந்தது. வெயிலர் பற்றரியை வயிற்றின் கீழ் வைத்து அடைகாத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, தகடு போச்சு."

"பற்றரி நிறைஞ்சிட்டுது. நட."

வானம் வெளிக்கும்வரை அது போதுமாயிருந்தது. பிள்ளை தப்பியது.

வெயில் திரும்பியபோது வெயிலரிடம் மேய்க்க ஒன்றுமில்லை. காலையில் நடேசு பிள்ளையை முற்றத்துப் பாயில் கிடத்துவான். வெயிலர் வேலியில் பிரித்த பொட்டுக்குள்ளால் நுழைந்து வந்து, பூவரசு நிழல் நெருங்க நெருங்கப் பாயை இழுத்துக்கொண்டு போவார்.

"அண்ணை, பிள்ளை கறுத்துப்போகும்."

"கறுக்கட்டும். சார்ஜ் ஏறுது."

யுத்தம் ஊரையே கிளப்பிய பெரிய இடப்பெயர்வில் வெயிலரைத் தவறவிட்டேன். பிறகு எந்த முகாமிலும் காணவில்லை. எந்த ஊரிலென்றாலும் சரி, இளவெயிலில் ஒரு பிள்ளை கிடந்தால், என் நிழல் படாதபடி சுற்றித்தான் போகிறேன்.