சாவு சொல்பவன் வேலை கேட்டுப் போன நாள்

வேலை போனவனிடமிருந்து முதலில் பறிபோவது சம்பளம் என்று நினைப்பவர்களுக்கு இதுவரை வேலை போனதில்லை என்று அர்த்தம். முதலில் பறிபோவது, மாட்டேன் என்று சொல்லும் உரிமை. சொந்தக்காரர்கள் எந்த ஊருக்குப் போகச் சொன்னாலும், "எனக்கு வேலை இருக்கு" என்று சொல்ல முடியாது. சொன்னால் சிரிப்பார்கள்.

எண்பதுகளின் நடுவில் நாடே கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, ரவாங்கில் நான் ஸ்டோர் கிளார்க்காக இருந்த தொழிற்சாலையில் ஆள் குறைப்புச் செய்தார்கள். (நான் ஏற்கெனவே ஒல்லி. என்னில் இன்னும் எதைக் குறைக்கக் கண்டார்களோ.) மேனேஜர் என் கையைக் குலுக்கி, உனக்கு வயசிருக்கிறது, கவலைப்படாதே என்றார். வயசைக் காட்டினால் எந்தக் கடையில் அரிசி போடுவார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். நான் "தேங்க்யூ சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தத் தேங்க்யூ இன்றைக்கும் என் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

என் மனைவி சரோஜா கையுறைத் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலையில் அவளோடு நானும் எழுந்து, சவரம் செய்து, வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை போட்டு, அவளைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்து நாற்காலியில் உட்காருவேன். காலில் போட்ட சப்பாத்தைக்கூடக் கழற்ற மாட்டேன். கழற்றினால், இன்றைக்கும் எவனும் கூப்பிடப் போவதில்லை என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போலாகிவிடும். சாயந்தரம் அவள் திரும்பி வந்து என் காலைப் பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். அதற்கு ஏதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

இந்த நிலையில்தான் என்னிடம் ஒரு சிவப்பு மோட்டார் சைக்கிள் இருப்பது குடும்பத்தாருக்கு ஞாபகம் வந்தது. அப்போது எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களில் போன் கிடையாது. எங்காவது ஒரு சாவு விழுந்தால் யாராவது ஒருவர் நேரில் போய்ச் சொல்லியாக வேண்டும். முன்பெல்லாம் யார் போவது என்று பெரிய வாக்குவாதமே நடக்கும். எனக்கு வேலை போனதும் அந்த வாக்குவாதம் நின்றுவிட்டது. "நீ ஃப்ரீயாத்தானேப்பா இருக்க, கலும்பாங்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடு" என்பார்கள். கலும்பாங் என்னவோ அடுத்த லயத்தில் இருப்பது போல.

எனக்கு ஆத்திரமாகத்தான் வந்தது. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. நேர்முகத் தேர்வுகளில் நான் பேசும்போது ஜன்னலைப் பார்ப்பார்கள். சாவு வீட்டுச் செய்தியோடு போனால் வீடே எழுந்து நின்று என் வாயைப் பார்க்கும். அந்த மரியாதையில் கொஞ்சம் சொக்கித்தான் போனேன். தொழிலில் ஒரு நேர்த்திகூட வந்துவிட்டது. தூரத்திலேயே மோட்டாரை அணைத்துத் தள்ளிக்கொண்டு போவேன். "பயப்படாதீங்க, ஒன்னும் இல்ல" என்பேன். குடிக்கத் தண்ணீர் கேட்பேன். பிறகு தரையைப் பார்ப்பேன். அதற்குள் அவர்களுக்குப் புரிந்துவிடும். திரும்பும்போது, போய்ட்டு வர்றேன் என்று சொல்லாமல் கிளம்பிவிடுவேன். உடுப்பு எப்போதும் அந்த வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும்தான். வேறு நல்ல உடுப்பு இல்லை.

அப்போதுதான் கோலசிலாங்கூர் பக்கத்து எஸ்டேட்டில் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்த என் மாமா, அத்தையின் வீட்டுக்காரர், ரகசியமாகச் சொல்லியனுப்பினார். ஆபீஸில் ஓர் இடம் காலியாகிறது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்தால் மேனேஜர் பங்களாவுக்குக் கூட்டிப் போகிறேன், அத்தைக்குக்கூடச் சொல்லவில்லை, சொன்னால் லயம் முழுக்க மனுவோடு வந்து நிற்கும் என்றார். அன்று சரோஜா என் சட்டையை இரண்டு முறை இஸ்திரி போட்டாள். "இது கிடைச்சிடும்" என்றாள். வேலை போன பிறகு அவள் அதைப் பற்றி வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

வேலை இல்லாதவனுக்குப் பத்து மணி என்றால் எட்டு மணி. முன்கூட்டியே போய்விட்டேன். அத்தை வாசலில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்கு நான் அதற்குமுன் இரண்டு சாவு சொல்லியிருந்தேன் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. அவருக்கு மறக்கவில்லை. சிவப்பு மோட்டாரைப் பார்த்தார், வெள்ளைச் சட்டையைப் பார்த்தார், கையிலிருந்த தட்டைக் கீழே போட்டார். ராசா என்ற ஊரில் இருந்த என் பெரியப்பாவுக்கு, அதாவது அத்தையின் அண்ணனுக்கு, அந்த மாதம்தான் நெஞ்சு வலி வந்திருந்தது.

"பயப்படாதீங்க அத்தை, ஒன்னும் இல்ல" என்றேன்.

அத்தை மார்பில் அடித்துக்கொண்டு, "அண்ணே, என்னைத் தனியா விட்டுட்டுப் போய்ட்டியே" என்று ஆரம்பித்தார்.

வழியெல்லாம் செம்மண் புழுதி. எனக்குத் தொண்டை அடைத்தது. தண்ணீர் கேட்டேன்.

அவ்வளவுதான், லயமே திரண்டுவிட்டது. யாரும் சாகவில்லை என்று நான் கத்தக் கத்த, பாவம் பிள்ளை, சொல்ல மனசு வராமல் தவிக்கிறான் என்று பெண்கள் எனக்காகவும் சேர்த்து அழுதார்கள். பாதிச் சவரத்தோடு மாமா வெளியே வந்தார். இவராவது காப்பாற்றுவார் என்று அவர் கையைப் பிடித்தேன்.

"மாமா, நீங்கதானே வரச் சொன்னீங்க."

"பத்து மணிக்கு வரச் சொன்னா எட்டு மணிக்கே வந்து நிக்கிற. எதுக்குடா மறைக்கிற? நான் தாங்குவேன்லா, சொல்லு."

சீக்கிரம் வந்ததே சாவுக்குச் சாட்சியாகிவிட்டது. மாமா மேனேஜருக்கு ஆள் அனுப்பி, வீட்டில் சாவு, இன்றைக்கு வர முடியாது என்று சொன்னார். எஸ்டேட் லோரி வந்தது. கோயிலிலிருந்து மாலை வந்தது. லோரி நிறைய ஆட்கள் ஏறிக்கொண்டார்கள். நான் முன்னால் மோட்டாரில் வழிகாட்ட வேண்டுமாம். என் சட்டையில் புழுதி ஏற ஏற, ஆபீஸில் எனக்காகக் காலியாக இருந்த அந்த நாற்காலி பின்னால் தூரமாகிக்கொண்டே போனதை நினைத்து, ராசா வரைக்கும் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திட்டினேன். மோட்டார் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

ராசாவில் பெரியப்பா வாசலில் உட்கார்ந்து ஒருவரிடம் முடி வெட்டிக்கொண்டிருந்தார். கழுத்திலிருந்து கால்வரை வெள்ளைத் துணி. லோரியிலிருந்து அதைப் பார்த்த அத்தைக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது. அழுதுகொண்டே இறங்கி ஓடியவர், துணிக்கு மேல் தலை திரும்பியதைப் பார்த்து அப்படியே நின்றார். முடி வெட்டுபவர் கத்தரிக்கோலைத் தூக்கியபடி நின்றார். மாமா மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். மாலை பெரியது.

பெரியப்பா எல்லாரையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, "மாலை யாருக்கு மாப்பிள்ளை?" என்றார்.

மாமா என்னைப் பார்த்தார். லோரியில் வந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். இப்படியா ஒரு விளையாட்டு என்று ஒருவர் ஆரம்பிக்க, பொறுப்பில்லாத பிள்ளை, அதான் எவனும் வேலை குடுக்க மாட்டேங்கிறான் என்று ஒருத்தி முடித்தாள்.

எனக்குள் எதுவோ அறுந்தது. "எனக்கு வேலை இல்ல. அவ்வளவுதான். எனக்கு வேலை இல்லைங்கிறதுக்காக யாரும் சாக வேண்டியதில்ல. ஒரு மனுசன் தனக்காக உங்க வீட்டு வாசல்ல வந்து நிக்கக்கூடாதா?" என்று தொண்டை கிழியக் கேட்டேன். கடைசி வார்த்தையில் குரல் உடைந்து, கண்ணும் வேறு கலங்கிவிட்டது. அன்று லோரி நிறைய வந்த அழுகையில் உண்மையானது அது ஒன்றுதான்.

பெரியப்பா, வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று கோழி அடிக்கச் சொன்னார். நன்றாகச் சாப்பிட்டார்கள். நானும் சாப்பிட்டேன் என்பதுதான் வெட்கக்கேடு.

மறுநாள் மேனேஜர் மாமாவிடம் துக்கம் விசாரித்தாராம். ஆள் சாகவில்லை என்று சொல்ல மாமாவுக்குக் கூச்சம். "ஆமா சார், திடீர்னு" என்று சொல்லிவிட்டார். அதோடு நிறுத்தினாரா? விஷயம் வெளியே வந்தால் தன் மானம் போய்விடும், அதனால் நான் அந்த எஸ்டேட் பக்கமே தலைகாட்ட வேண்டாம் என்றும் சொல்லியனுப்பினார். இடம் வேறொருவருக்குப் போனது. எனக்கு ரவாங்கில் ஒரு இரும்புச் சாமான் கடையில் கணக்கு எழுதும் வேலை கிடைக்க மேலும் ஒரு தீபாவளி தாண்டியது. வேலை கிடைத்த அன்று மாலை சரோஜா என் சப்பாத்தை அவளே குனிந்து கழற்றி வைத்தாள்.

பெரியப்பா அந்த எஸ்டேட் கணக்கில் செத்துப்போய், ராசாவில் அதற்குப் பிறகு நெடுங்காலம் சௌக்கியமாக இருந்தார். தன் சாவுக்கு யார் யார் எப்படி அழுதார்கள் என்று நடித்துக் காட்டுவது அவருக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. அவருக்குப் பிறகு அந்தக் கதையை அத்தை எடுத்துக்கொண்டார். இப்போது என் மகள் சொல்கிறாள். லோரி, மாலை, வெள்ளைத் துணி, கத்தரிக்கோல் எல்லாம் வரும். நான் தொண்டை கிழியக் கத்தியதுகூட ஒரு கோமாளிக் குரலில் வரும்.

போன மாதம் அதை முதல் தடவை கேட்ட என் மருமகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு, நல்ல பையன், சரியான கேள்வி ஒன்று கேட்டார்.

"ஆமா, அப்பா அன்னைக்கு எதுக்கு அங்க போனாரு?"

மகள் கொஞ்சம் யோசித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தையைப் பார்த்தாள். அத்தைக்கும் தெரியவில்லை.

"யாருக்குத் தெரியும்," என்றாள். "சும்மா போயிருப்பாரு."