சீட்டில் இல்லாத சீழ்

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் கால் வைத்தியச்சிகூட இல்லை, மெடிக்கல் கோடர். அமெரிக்க டாக்டர்கள் எழுதியதைப் படித்து, இன்சூரன்ஸ் பில்லுக்காக அந்த வியாதிக்கு உரிய எண்ணைப் போடுவது என் வேலை. கோட்டைக்குப்பத்தில் எங்கள் வீட்டிலிருந்தபடியே, மார்பக அழற்சிக்கு ஒரு எண், சீழ்க்கட்டிக்கு வேறொரு எண், வலமா இடமா என்று பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பயிற்சியில் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: டாக்டர் எழுதாததை நீயாக ஊகிக்காதே. (ஆறே மாதத்தில் எனக்குக் கொம்பு முளைத்திருந்தது.)

அப்போது அண்ணிக்குப் பிரசவமாகி மூன்று வாரம். பால் கட்டி, இடது மார்பு சிவந்து வீங்கி, காய்ச்சல். பொன்னேரியில் ஒரு டாக்டரம்மா மாத்திரை கொடுத்து, ‘மார்பக அழற்சி, சீழ் இல்லை’ என்று இங்கிலீஷில் சீட்டு எழுதி அனுப்பினார்.

மூன்றாம் நாள் அண்ணி என்னிடம் வந்தாள்.

“செல்வி, கட்டி பெருசாயிட்டுகீதுமா. தொட்டா உயிர் போவுது. ரெண்டு நாள்ல கொறையலன்னா வரச் சொன்னாங்க.”

சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். “அப்டி ஒண்ணும் எழுதலையே அண்ணி. சீழ் இல்லன்னு தெளிவா போட்டுகீது.”

“அப்ப எனக்கு வலிக்கலையா?”

“வலிக்கலாம். ஆனா சீழ்னு நாமளா சொல்லக் கூடாது.”

(அந்த வாயில் நானே இரண்டு போட்டிருக்க வேண்டும்.)

மறுநாள் காலையில் அண்ணன் ஏரியிலிருந்து இறாலோடு வந்தபோது, அண்ணி குளிர்காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தாள். குழந்தை பாலுக்கு அழ, கொடுக்க முடியாமல் அவளும் அழுதாள்.

நடந்ததைக் கேட்ட அண்ணன், “இன்னாடி நெனச்சினுகீற நீ?” என்று என்னிடம் கத்திவிட்டு ஆட்டோ பிடித்தான். நானும் ஏறிக்கொண்டேன்.

டாக்டரம்மா ஸ்கேன் பார்த்து, ஊசியால் சீழை எடுத்தார். “ரெண்டு நாள்ல வரச் சொன்னேனே?” என்றார். அண்ணி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நானேதான், “சீட்டுல எழுதலையே டாக்டர்” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “நீ யாரும்மா?”

“மெடிக்கல் கோடர்.”

“ஓ” என்றார். அந்த ‘ஓ’வுக்கு இன்றுவரை என்னால் ஓர் எண் கண்டுபிடிக்க முடியவில்லை.

வெளியே வந்ததும் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். “வுடு. நீ படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியும்னு நானும் இருந்துட்டேன்” என்றாள். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறான். வீட்டில் யாருக்குப் பல் வலித்தாலும், “சீட்டுல கீதா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டுத்தான் கன்னத்தைப் பிடிக்கிறார்கள். போன மாதம் எனக்கே காய்ச்சல். அண்ணி என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

“காய்ச்சல்னு எந்த டாக்டர் எழுதினாரு?” என்றாள்.

நான் பதில் யோசிப்பதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. என்னைக் கேட்பதற்கு முன்பே அவள் அதை வரச் சொல்லியிருந்தாள்.