ஒரு முழங்காலும் ஐந்து டாக்டர்களும்

மதிப்பிற்குரிய ஹேண்ட்பால் கழகத் தலைவரும் என் தாய்மாமாவுமான மிலுதின் அவர்களுக்கு,

2022 அக்டோபர் 19, புதன்கிழமை, காலை பதினொன்று நாற்பது. இந்த நிமிடத்துக் கணக்கு: வீங்கிய முழங்கால் ஒன்று, அதற்கு டாக்டர்கள் ஐந்து பேர், அவர்களில் முழங்காலைப் படித்தவன் ஒருவன், அவன் பேச்சைக் கேட்பவர் யாருமில்லை.

வெந்நீர் ஊற்றில் உங்கள் இடுப்பு தேறி வருவதாக அம்மா சொன்னாள். சந்தோஷம். தொட்டியில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஊறாதீர்கள், மாலையில் நடங்கள், பக்கத்து அறைக்காரர்களோடு சேர்ந்து பன்றிக்கொழுப்பு வறுவல் சாப்பிடாதீர்கள். அங்கே செல்போனை வாங்கி அலமாரியில் பூட்டிவிடுகிறார்களாம், அதனால்தான் கடிதம். இரண்டு மணி பஸ் டிரைவரிடம் கொடுத்துவிடுகிறேன், வாசலில் நின்று வாங்கிக்கொள்ளுங்கள். இத்துடன் நல விசாரிப்பு முடிந்தது.

நீங்கள் கிளம்புமுன் லீக் அலுவலகத்துக்கு அனுப்பிய மருத்துவக் குழுப் படிவம் திரும்பி வந்திருக்கிறது. ஐந்து பெயர்கள். ‘பொறுப்பு’ என்ற கட்டத்தில் முதல் ஆளுக்கு ‘டாக்டர்’ என்று எழுதி, மற்ற நால்வருக்கும் ‘மேற்படி, மேற்படி’ என்று போட்டிருக்கிறீர்கள். அதன்மேல் யாரோ ஒரு புண்ணியவான் சிவப்பு மையில், “இந்த ஐந்து டாக்டர்களில் நான்கு பேர் டாக்டர் இல்லை. மீதமுள்ளவர் மகப்பேறு மருத்துவர். வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் தரவும், இல்லையேல் சனிக்கிழமைப் போட்டி கிடையாது” என்று எழுதி அனுப்பியிருக்கிறார். அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருக்கிறது. மாமா, ஸ்டோயான் மசாஜ் பண்ணுகிறவர். பத்து வாரப் படிப்பு, நல்ல கை, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டால் அவரைப் போல இளக்கிவிட ஆள் கிடையாது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஊரில் பேக்கரிக்காரர் முதல் பாதிரியார் வரை அவரை “டாக்டரே” என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவரும் திரும்பிப் பார்க்கிறார். உடற்பயிற்சிக்காரர் ஒரு சனி ஞாயிறு வகுப்புக்குப் போய் வந்து சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். பயிற்சியாளரின் மனைவி டப்பாவில் சத்து மாவு விற்கிறார், அவர் உணவு ஆலோசகராம். டாக்டர் வெஸ்னா அசல் டாக்டர்தான், ஆறு வருடம் மருத்துவம், அதற்குமேல் நான்கு வருடம் பிரசவம். நம் அணியில் பதினாறு பெண்கள் இருக்கிறார்கள், ஆனால் ஒரு ஹேண்ட்பால் ஆட்டத்தின் அறுபது நிமிடத்துக்குள் அவர்களில் யாருக்கும் பிரசவம் ஆகப்போவதில்லை. ஐந்தாவது ஆள் நான். நான்கு வருடப் பட்டம், ஆறு மாத மருத்துவமனைப் பயிற்சி, உரிமத் தேர்வு. அசல் பிசியோ. முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று கோணமானி வைத்து அளக்கிறேன் என்பதால் இந்த ஊர் எனக்கு வைத்திருக்கும் பெயர் இன்ஜினியர்.

ஒரே ஒரு தடவை எழுதுகிறேன், உங்கள் அறைச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். விளையாட்டு மருத்துவர் என்றால் மருத்துவம் படித்து, அதற்கு மேல் விளையாட்டுக் காயங்களையும் தனியாகப் படித்தவர். என்ன காயம், என்ன படம் எடுப்பது, யாரிடம் அனுப்புவது, எப்போது மறுபடி ஆடலாம் என்பதையெல்லாம் முடிவு செய்து கையெழுத்துப் போடுவது அவர் வேலை. அந்தக் காயத்தைச் சோதித்து, படிப்படியாக அந்தக் காலை மறுபடி ஓட வைப்பது பிசியோ வேலை. தசையை இளக்குவது மசாஜ்காரர் வேலை. ஆறிய காலை வலுவாக்குவது உடற்பயிற்சிக்காரர் வேலை. இதில் எந்த இடத்திலும் முட்டைக்கோஸ் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

முட்டைக்கோஸ் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? போன சனிக்கிழமை, நாற்பத்தோராவது நிமிடம், நெவேனா எகிறிப் பந்தை எறிந்துவிட்டு இடது காலில் இறங்கினாள், முழங்கால் உள்பக்கமாகச் சாய்ந்தது, விழுந்தாள். நான் பெஞ்சிலிருந்து ஓடிப்போய்ச் சேர்வதற்குள் ஸ்டோயான் அங்கே மண்டியிட்டு ஊதிக்கொண்டிருந்தார். ஆமாம், வாயால் ஊதினார். தூக்கிக்கொண்டு போய்ச் சிகிச்சை அறையில் கிடத்தி, கீழ்க்காலைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தேன். நல்ல காலில் டக்கென்று நிற்க வேண்டிய இடத்தில் இது நழுவிக்கொண்டு வந்தது. நடுவில் குறுக்கே ஓடும் தசைநார் போய்விட்டது, நூற்றுக்கு நூறு, ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஐஸ் எடுக்கப் போனேன். நான்கே நிமிடம். திரும்பி வந்தால் முழங்காலில் நசுக்கிய முட்டைக்கோஸ் இலை, அதற்கு மேல் பிளம் சாராயம் நனைத்த துணி, அதற்கு மேல் யாருடைய கம்பளிக் காலுறையோ. அறை முழுக்கக் கல்யாண வீட்டுச் சமையற்கட்டு வாடை. வாடை தாங்காமல் ஜன்னலைத் திறந்தேன், அவ்வளவுதான்.

“இன்ஜினியர், மூடுய்யா அதை,” என்றார் ஸ்டோயான். “இந்தப் பக்கம் கதவு, அந்தப் பக்கம் ஜன்னல். பொண்ணு நடுவுல கெடக்கு. காத்து அடிச்சுச்சுன்னா முழங்கால் என்னத்துக்கு ஆவும்?”

“காத்து முழங்காலுக்குள்ள போகாது ஸ்டோயான். அங்க தோல் இருக்கு.”

“உன் படிப்புல அப்படி. என் அத்தான் ஒருத்தன் ரயில்ல ஜன்னலோரம் உக்காந்தான், வாய் இன்னி வரைக்கும் ஒரு பக்கமாத்தான் சிரிக்குது.”

நெவேனாவாவது என் பக்கம் நிற்பாள் என்று பார்த்தால், வலியிலும் அவள் சிரித்துக்கொண்டு, “விடு வுகாஷின், மூடித்தான் தொலையேன், அம்மா வந்தா என்னை இல்ல, உன்னைத்தான் கொல்லுவா,” என்றாள். செப்டம்பர் முதல் தேதி நான் அந்த ஜன்னலை முதன்முறையாகத் திறந்ததிலிருந்து நம் கழகத்தில் நடந்த அத்தனைக்கும் அந்த ஜன்னல்தான் காரணம், மாமா. கோல்கீப்பர் விரல் சுளுக்கு, ஜன்னல். இரண்டு பேருக்குச் சளி, ஜன்னல். நாம் ஐந்து கோல் வித்தியாசத்தில் தோற்றது வெளியூரில், அதற்கும் “பொண்ணுங்களுக்குள்ள முன்னாடியே காத்து புகுந்திருக்கு” என்கிறார் பயிற்சியாளர். காயப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். நெவேனாவின் பெயருக்கு நேரே, ‘காயத்தின் காரணம்’ என்ற இடத்தில், ஸ்டோயான் அழகான கையெழுத்தில் ‘காற்று’ என்று எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் என் பெயரைப் போட்டிருக்கிறார்.

இதெல்லாம் சிரிப்புக் கதையாகப் போயிருக்கும். ஆனால் வருகிற சனிக்கிழமை ஹங்கேரியிலிருந்து ஒரு பெரிய கழகத்தின் ஆள் நெவேனாவைப் பார்க்க வருகிறார். இருபத்திரண்டு வயது, இந்த வாய்ப்புக்காக அவள் பன்னிரண்டு வயதிலிருந்து எறிந்துகொண்டிருக்கிறாள். அதனால் ஆடுவேன் என்கிறாள். பயிற்சியாளர் ஆடட்டும் என்கிறார். உடற்பயிற்சிக்காரர் முழங்காலில் பட்டி சுற்றிவிட்டால் போதும் என்கிறார். ஸ்டோயான் வியாழக்கிழமைக்குள் முட்டைக்கோஸ் வீக்கத்தையெல்லாம் உறிஞ்சி இழுத்துவிடும் என்கிறார். டாக்டர் வெஸ்னாவோ செவ்வாய் முழுக்க மூன்று பிரசவம் பார்த்துவிட்டு இன்னும் வந்தபாடில்லை. நெவேனா அந்தக் காலோடு ஒரு தடவை எகிறி இறங்கினால் போதும், ஹங்கேரியும் கிடையாது, ஹேண்ட்பாலும் கிடையாது. நான் சொன்னால், “இன்ஜினியர் அளந்துட்டாருப்பா,” என்கிறார்கள்.

ஆகவே தலைவருக்கு என் கோரிக்கை. பிரசவ டாக்டரைப் பெஞ்சிலிருந்து எடுங்கள், நோவி சாட் நகரத்திலிருந்து படித்த விளையாட்டு மருத்துவர் ஒருவரைக் கொண்டுவாருங்கள், சாராயத்தைப் பூட்டுங்கள், ஜன்னல் சாவியை எழுத்துமூலம் என்னிடம் ஒப்படையுங்கள். இல்லையென்றால் வெளிநாட்டில், ல்யூப்ல்யானா நகரில் ஒரு மருத்துவ நிலையம் என்னை இரண்டு மாதமாகக் கூப்பிடுகிறது, சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் ஏறிவிடுவேன். அங்கே ஜன்னல்கள் தானாகவே திறந்துகொள்ளுமாம்.

அத்தையிடம் கேட்டதாகச் சொல்லுங்கள். குலதெய்வத் திருநாளுக்குள் உங்கள் இடுப்பு நேராகி, குடும்பத் தலைவராக நீங்களே நிமிர்ந்து நின்று திருநாள் ரொட்டியை வெட்ட வேண்டும் என்பது என் ஆசை. கோபத்தில் எழுதியதில் மரியாதைக் குறைவு ஏதும் இருந்தால் தலைவர் மன்னிக்க வேண்டாம், மாமா மன்னித்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை மகன்,
வுகாஷின், பிசியோதெரபிஸ்ட் (உரிமம் பெற்றவர்)

பின்குறிப்பு. 21, வெள்ளிக்கிழமை, மதியம் ஒன்று பத்து. இந்தக் கடிதம் புதன்கிழமையே வந்திருக்க வேண்டும். உறையை ஒட்டிக்கொண்டிருந்தபோது நெவேனாவின் அம்மா கோர்தானா, ஒரு கையில் மகளையும் ஒரு கையில் துவைத்துத் தேய்த்த ஜெர்சியையும் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். ‘ஆடலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடு என்றார். பிளாஸ்டிக் முழங்காலை மேஜைமேல் வைத்துப் பதினெட்டு நிமிடம் விளக்கினேன். அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது சரி, ஜன்னலை யாரு தொறந்தது?” என்றார். பஸ் போன சத்தம் அப்போதுதான் கேட்டது.

அதே நேரத்தில் டாக்டர் வெஸ்னா வந்தார், வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. முழங்காலை ஒரு பார்வை பார்த்தார், தொடவில்லை. “எனக்கு முழங்கால் தெரியாதும்மா,” என்றார், ஏதோ நீச்சல் தெரியாது என்று சொல்வது போல. “தெரிஞ்சவங்ககிட்ட அனுப்பி வைக்கிறதுதான் என் வேலை. வுகாஷின், உனக்கு என்ன படம் வேணும்?” சொன்னேன். போனை எடுத்தார். நோவி சாடில் ஸ்கேன் எடுக்கும் பெண்ணுக்கு இரட்டைக் குழந்தை எடுத்தது இவராம். நான் டிசம்பருக்கு இடம் கேட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்த அதே மெஷினில் மறுநாள் காலை ஏழு மணிக்கு இடம்.

முடிவு வியாழன் மதியம் வந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. நூற்றுக்கு நூறு என்று நான் சொன்ன தசைநார் முழுசாக இருக்கிறது. போனது உள்பக்கத் தசைநார், அதுவும் பாதிதான். வீங்கிய காலில் நான் அவசரப்பட்டு இழுத்திருக்கிறேன். அறுவை வேண்டாம், ஆறு வாரம் போதும், ஆனால் சனிக்கிழமை ஆடினால் மீதிப் பாதியும் போகும். படித்துப் பார்த்த நெவேனா, “பாதி இருக்குல்ல, அப்ப ஆடுவேன்,” என்றாள்.

டாக்டர் வெஸ்னா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். “உன்னை வெளிய எடுத்தவ நான். எல்லாரும் தலையை நீட்டிக்கிட்டு வருவாங்க, நீ இடது காலை நீட்டிக்கிட்டு வந்தே. இதே காலு. அன்னிக்கும் அவசரம், அன்னிக்கும் பதினோரு மணி நேரம் என் பிராணனை வாங்கினே. அந்த ஹங்கேரிக்காரன்கிட்ட நான் பேசறேன், நீ வாயை மூடு.” நெவேனா வாயை மூடினாள். பத்து வருடத்தில் எந்தப் பயிற்சியாளராலும் முடியாத காரியம்.

கோர்தானா மட்டும் விடவில்லை. குரலைத் தாழ்த்தி, “டாக்டரம்மா, காத்து கீத்து உள்ள போயிருக்குமா? நாளைக்குப் புள்ள பெத்துக்கறதுல ஏதாவது...” என்றார். பத்து வருடம் படித்த மருத்துவர், இந்த மூடநம்பிக்கையைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுவார் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தேன். அவர் யோசித்தார். “ஆறு வாரம் ஆடாம இருந்தா ஒண்ணும் ஆகாது,” என்றார். அது உண்மைதான். “ஆடினா?” “ஆடினா என்னைக் கேக்காதீங்க.” கோர்தானா ஜெர்சியை நான்காக மடித்துப் பைக்குள் வைத்து, ஜிப்பையும் இழுத்துவிட்டார். நான் வாயைத் திறந்தேன். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்து, “வுகாஷின், அந்த ஜன்னலைச் சாத்துப்பா,” என்றார்.

மாமா, எழுந்து போய்ச் சாத்தினேன்.

ஹங்கேரிக் கழகத்தின் மருத்துவர் இன்று காலை அழைத்தார். டாக்டர் வெஸ்னா முழங்கால் கேள்வி வந்ததும் போனை என் கையில் கொடுத்துவிட்டார். ஜனவரியில் பார்க்கலாம் என்றிருக்கிறார். வாக்குறுதி என்று எடுத்துக்கொள்ள முடியாது, மறுப்பும் இல்லை. பஸ்ஸுக்கு ஐம்பது நிமிடம்தான் இருக்கிறது, ஆகவே மேலே எழுதியதில் நல விசாரிப்பைத் தவிர எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். இனி நான் செய்யப்போவது:

1. படிவத்தை இப்போதே புதிதாக எழுதி அனுப்புவேன். ‘டாக்டர்’ என்று ஒரே ஒரு பெயர்: வெஸ்னா. படிப்பு: மகப்பேறு. பொறுப்பு: இறுதி முடிவு.

2. ல்யூப்ல்யானாவுக்கு, சீசன் முடியட்டும் என்று எழுதுவேன்.

3. காயப் பதிவேட்டில் ‘காற்று’ என்பதை அடித்துவிட்டு ‘தவறாக இறங்கியது’ என்று எழுதுவேன். அதற்குக் கீழே, என் முதல் கணிப்பு தவறு என்பதையும் எழுதுவேன்.

4. தினமும் காலை எட்டு மணிக்கு நெவேனாவின் முழங்காலை அளப்பேன். முதலில் என் ஐஸ், இருபது நிமிடம். பிறகு ஸ்டோயானுக்கு முட்டைக்கோஸ் அனுமதி. சாராயம் கிடையாது, அதைக் குடித்துக்கொள்ளட்டும்.

5. நெவேனா அறையில் இருக்கும்வரை ஜன்னலை மூடி வைப்பேன். அவள் படியிறங்கியதும் திறப்பேன். இதை ஸ்டோயானிடம் சொல்லாதீர்கள்.