கெண்டைக்காலில் ஒரு கோடு

ஒட்டம்வா, அயோவா
செவ்வாய், 11 அக்டோபர் 1994

அன்புத் தங்கை வெர்னாவுக்கு அக்கா லவோன் ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும், என் இரண்டு முழங்கால்களில் வலது முழங்காலும் நலம். அங்கே நீயும், உன் வீட்டுக்காரர் எர்வினும், அரிசோனா வெயிலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது உன்னை வரச்சொல்லி எழுதுகிற கடிதம் இல்லை. எனக்கு இங்கே மூச்சுவிட நேரமில்லை. நீ பாட்டுக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றால் உன்னை யார் கவனிப்பது?

ஆகஸ்டில் நம் ஊர்ப் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. புதிதாக வந்திருக்கிற பாலே குழு ஒன்று யுத்தகாலத்து ஸ்விங் இசைக்கு ஒரு நாட்டியம் போடப்போகிறதாம், கடற்படை விமானதளத்து நடனங்களுக்குப் போனவர்கள் வந்து அந்தக் காலத்தைச் சொல்லித்தர வேண்டுமாம், காபியும் ஆப்பிள் பையும் உண்டாம். என் வீட்டுக்காரர் கிளேட்டன் போன பிறகு நான் வியாழக்கிழமையானால் குப்பை லாரிக்காரனோடு நாலு வார்த்தை பேசுகிறவள், அதோடு சரி. ஊரில் பாதிப் பேர் வருவார்கள் என்று உதட்டுச்சாயமெல்லாம் பூசிக்கொண்டு போனால், முப்பது நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள், வந்தவள் நான் ஒருத்தி. குழுவை நடத்துகிறவள் பெட்ரா நோவாக், சிகாகோக்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். "அப்ப ஸ்டாக்கிங்ஸுக்கெல்லாம் என்னங்க பண்ணுவீங்க?" என்று கேட்டாள். நைலான் முழுக்கப் பாராசூட்டுக்குப் போய்விட்டதையும், நாம் வெறுங்காலில் சாயம் பூசி, பின்பக்கம் காலுறையின் தையல் மாதிரி புருவப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டதையும் சொன்னேன். "தன் கால்ல தானே பின்னாடி எப்படிப் போடறது? யாரு போடுவாங்க?" என்றாள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே! "நான்தான். தளத்துல ஆடின பொண்ணுங்கள்ல பாதிப் பேருக்கு என் கைதான் போட்டுது" என்று சொல்லிவிட்டேன். கோபிக்காதே. போட்டதெல்லாம் நீ. நான் சமையலறை நாற்காலி மேல் முதுகைக் காட்டி நின்றவள், முழங்கால் மடிப்பில் நீ ஊதிச் சிரிக்க வைத்ததால் கோடு கோணினவள், அவ்வளவுதான். முப்பது காலி நாற்காலிக்கு நடுவில் ஒருத்தி ஆசையாகக் கேட்டால் நீயும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாய்.

அப்புறம் மூன்று வாரம் தினமும் ஒத்திகைக்குப் போனேன். டிரம்பெட்டும் டிராம்போனும் ஒன்றாகக் கிளம்பினால் கால் தானாகத் தரையைத் தட்டுகிறது, வலது காலைச் சொல்கிறேன். பன்னிரண்டு பெண்கள், மாலுமி வேஷத்தில் பன்னிரண்டு பையன்கள். தூக்கி எறிந்து பிடிக்கிற ஆட்டம் எல்லாம் நாம் ஆடியதுதான், இதுகள் விரல்நுனியில் நின்றுகொண்டு ஆடுதுகள். கடைசியில் பையன்கள் ஒவ்வொருவராக வெளியே போய்விடுவார்கள். பாட்டு நிற்காது, அதே துள்ளல். பெண்கள் மட்டும் இல்லாத தோளில் ஒரு கையும் இல்லாத கையில் ஒரு கையும் வைத்துக்கொண்டு, சிரித்த முகம் மாறாமல் சுற்றிச் சுற்றி ஆடுவார்கள். முதல் நாள் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை வெர்னா. கிளேட்டன் போய் ஒன்றரை வருஷமாக நானும் ரேடியோவைப் போட்டுவிட்டு சமையலறையில் அப்படித்தான் ஆடிக்கொண்டிருக்கிறேன், ஈரக் கையோடு. நீ அடக்கத்துக்கு வரவில்லை என்று எனக்குக் கோபமே கிடையாது. மார்ச் பனி, விமானமெல்லாம் நின்றுபோச்சு, எனக்குத் தெரியாதா? ஏப்ரலில் மறுபடி பறக்க ஆரம்பித்ததும் தெரியும். சரி, விடு.

இனிமேல்தான் கூத்து. கோடு போடுமுன் காலுக்குச் சாயம் வேண்டுமே. கடையில் வாங்கிவிடலாம் என்றாள் நோவாக். நான் விடுவேனா? "கடைச் சாயம் வேர்வையில ஓடிடும்மா, நாங்கல்லாம் வீட்லதான் காய்ச்சுவோம்" என்றேன். கொல்லை வால்நட் மரம் இந்த வருஷம் காய்த்துக் கொட்டியிருக்கிறது. பச்சைத் தோலை உரித்து, அம்மாவின் பெரிய அண்டாவில் போட்டுக் கொதிக்கவைத்து, வெள்ளிக்கிழமை கடைசி ஒத்திகையில் பன்னிரண்டு ஜோடிக் காலுக்கும் பூசினேன். அடியே, என்ன நிறம் என்கிறாய்! தேன் நிறம். "லவோனம்மா, நிஜ ஸ்டாக்கிங்ஸ் தோத்துது போங்க" என்றாள் கெல்சி. ஆடுகிற பெண்களில் துடுக்குக்காரி அவள்தான், என்னிடம் சரிக்குச் சரி வாயடிப்பாள். சனிக்கிழமை மத்தியானம் அரங்கத்துக்குப் போனால் வாசலிலேயே நிற்கிறாள், பாவாடையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "லவோனம்மா, இது என் காலா, உங்க வீட்டு மேசைக் காலா?" விடிவதற்குள் சாயம் அப்படிக் கறுத்திருக்கிறது. பன்னிரண்டு பேருக்கும் அதே கதி. சோப்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய் எதற்கும் அசையவில்லை. "இது எப்ப போகும்?" என்றாள் நோவாக். "மூணு வாரத்துல போயிடும்மா." "ஆட்டம் இன்னும் மூணு மணி நேரத்துல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாம் காலில் பூசியது ஆறின தேயிலைத் தண்ணீர்! வால்நட் தோலைக் காய்ச்சியது அப்பா, ஆற்றெலி பிடிக்கிற இரும்புப் பொறி துருப்பிடிக்காமல் இருக்க! அடுப்பும் அண்டாவும் ஒன்று, ஐம்பது வருஷத்தில் என் மண்டைக்குள் இரண்டும் கலந்துபோச்சு. "ஏய், அது எலிப்பொறிக்குடி" என்று சொல்ல உலகத்தில் பாக்கி இருப்பது ஒரே ஒருத்தி, அவளும் அரிசோனாவில் வெயில் காய்கிறாள். தப்பு என்று சொல்ல ஆளில்லாத வீட்டில் நீ இருந்து பார், நீ நினைப்பதெல்லாம் சரியாகிவிடும்.

கறுத்த காலில் பென்சில் கோடு எங்கே தெரியும்? தையல்காரச் சாக்கட்டியால் வெள்ளைக் கோடாகப் போட்டேன், என் கை நடுக்கத்தில் எல்லாக் கோடும் நம் ஊர் ஆறு மாதிரி வளைந்து போயிற்று. "கூசுது லவோனம்மா, சீக்கிரம்!" என்று கெல்சி நெளிந்ததில் அவளுடையது இரண்டு ஆறு. நான் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தேன். நேற்றுப் பேப்பரில் என்ன எழுதியிருக்கிறான் தெரியுமா? 'அந்நாளைய தடித்த பருத்திக் காலுறைகளை, கோணல் தையல் உட்பட, எங்கிருந்தோ தேடிப்பிடித்து அணிவித்திருக்கும் சிரத்தை பாராட்டுக்குரியது.' வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன்.

நோவாக் என்னைத் துரத்துவாள் என்று பார்த்தால், 29ஆம் தேதி கடைசி ஆட்டத்தில் நான் மேடைக்கு வரவேண்டுமாம். "பொண்ணுங்க தனியா ஆடறாங்கல்ல, அதுல நீங்களும் ஒரு ஓரமா வந்து ஆடுங்க. வெறுங்கால், கோடு, அதே மாதிரி." கெல்சி உடனே சாக்கட்டியை எடுத்துக்கொண்டு, "ஏறுங்க நாற்காலில, பழி தீத்துக்கறேன்" என்றாள். வேண்டாம், நானே போட்டுக்கொள்வேன் என்று சொல்லிவிட்டேன். நிலைக்கண்ணாடி இருக்கிறது, யாருடைய தயவும் வேண்டாம். ஆகவே நீ அலைய வேண்டியதே இல்லை. இந்த முழங்காலோடு உன்னை அழைத்துப்போக விமான நிலையத்துக்கு யார் வருவது?

எர்வினுக்கு என் அன்பு. இரண்டு பேரும் நோய்நொடியில்லாமல் இருங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள், வெயிலில் தொப்பியில்லாமல் நடக்காதீர்கள்.

என்றும் உன் அக்கா,
லவோன்

பின்குறிப்பு: கெல்சியிடம் நானே போட்டுக்கொள்வேன் என்று சொன்னதாக எழுதியிருக்கிறேனே, அது பொய். "என் தங்கச்சி வர்றா, அவதான் போடுவா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். இன்று காலை கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நானே போட்டும் பார்த்தேன். கோடு முழங்கால் மடிப்பு வரைக்கும் வருகிறது, அதற்குக் கீழே கை எட்டவில்லை. மாடி அறைப் படுக்கைக்கு அந்த மார்ச்சிலிருந்து வாராவாரம் விரிப்பு மாற்றிக்கொண்டுதான் இருக்கிறேன். வாடி வெர்னா. தேயிலை வாங்கி வைத்துவிட்டேன்.